உண்ணிக்காட்டு மாப்பிள்ளை

செல்லமுத்து அண்ணனுக்குப் பெண் கிடைக்காமல் போனதற்குக் காரணம் அவருடைய நிறமோ படிப்போ குணமோ அல்ல. ஒரு செடி.

எங்கள் ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. செல்லமுத்து அண்ணன் என் பெரியப்பா மகன். முப்பத்துநான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. குடிப்பழக்கம் கிடையாது. வீட்டில் அம்மா சென்னம்மாளைத் தவிர வேறு பிக்கல் பிடுங்கல் இல்லை. அதனால் பெண் வீட்டார் ஆசையாகத்தான் வருவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வளைவில் திரும்பினால் அவருடைய காடு தெரியும். அத்தோடு சரி. சிலர் வந்த பஸ் திரும்புவதற்குள் மறுபடியும் ரோட்டுக்கே போய் நின்றுகொள்வார்கள்.

காடு என்றால் எங்கள் பக்கத்தில் பயிர் செய்கிற நிலம். அண்ணனுடைய காட்டில் பயிர் இல்லை. முழுக்க உண்ணிச்செடி.

உண்ணிச்செடியை எல்லாரும் பார்த்திருப்பார்கள். பெயர் மட்டும் தெரியாமல் இருக்கலாம். ஒரே கொத்தில் நடுவே மஞ்சளும் ஓரத்தில் இளஞ்சிவப்புமாகச் சின்னச் சின்னப் பூக்கள். மஞ்சளாகப் பூத்து, வயதாக ஆக நிறம் மாறும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்தி, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். தொட்டால் தெரியும் அதன் லட்சணம். இலை சொரசொரவென்று இருக்கும். கசக்கினால் வருகிற வாடை, பூனை படுத்து எழுந்த மூலையை ஞாபகப்படுத்தும். தண்டு நாலு பட்டை, அதில் வளைந்த முள். காய் பச்சையாக இருக்கும்போது விஷம். கறுத்துப் பழுத்தபிறகு நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பறித்துத் தின்போம். டாக்டர்கள் அதையும் தின்னாதே என்கிறார்கள். கொண்டைக்குருவிகள் டாக்டரைக் கேட்பதில்லை. பழத்தைத் தின்றுவிட்டு எங்கெல்லாம் எச்சமிடுகின்றனவோ அங்கெல்லாம் அடுத்த மழைக்கு ஒரு புதர். அதன் நிழலில் வேறு எதுவும் முளைக்காது. இலையைத் தின்ற ஆடுமாட்டுக்கு ஈரல் கெட்டுப்போகும். அதனால் எங்கள் மலை மாடுகள் மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும். தின்ன ஆள் இல்லாத செடி வளரத்தானே செய்யும்?

அண்ணன் பத்தாவது முடித்த கையோடு திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் அங்கே இருக்கும்போதே பெரியப்பா இறந்துபோனார். பெரியம்மா தனியாக எவ்வளவு காட்டைத்தான் பார்ப்பார்? சாமை விதைத்த இடம் சும்மா கிடந்தது. ஓடைக்கரையில் வேலிக்கு ஆகட்டும் என்று பெரியப்பா விட்டுவைத்திருந்த நாலு புதர்கள் மெல்ல மேலே ஏறி வந்தன. கொரோனா சமயத்தில் கம்பெனி மூடி, அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கியபோது, காட்டுக்குள் போக வழியே இல்லை. முதலில் தீ வைத்துப் பார்த்தார். மேலே இருந்தது எரிந்தது. அடுத்த மழைக்குச் சாம்பலை உரமாகத் தின்று முன்னைவிடப் பச்சையாக வந்தது.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதையும் யோசிக்காமல் செய்கிறவர் என்று அவரைச் சொல்வார்கள். அது தவறு. அவர் நன்றாக யோசிப்பார். செய்து முடித்தபிறகு யோசிப்பார்.

போன வருடம் ஆதார் அட்டையை நகல் எடுக்கச் செம்மேட்டுக்குப் போனார். அந்த ஜெராக்ஸ் கடையில் அருணா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பி.ஏ. முடித்தவர், பக்கத்து நாட்டுக்காரர். அண்ணன் மறுநாளும் நகல் எடுக்கப் போனார். அடுத்த வாரமும் போனார். ஒரே ஆதார் அட்டையை அத்தனை நகல் எடுத்த ஆள் மலையிலேயே கிடையாது. கடைசியில் அருணாவே கேட்டாராம்.

“ஏனுங்க, இத்தனையும் யாருக்குங்க குடுக்கறீங்க?”

“யாருக்கும் இல்லீங்க. ஊட்டுல வெச்சிருக்கறேன்.”

“அப்ப பொண்ணு கேக்க ஆளை அனுப்புங்க. காயிதம் மிச்சமாகும்.”

இப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. அருணாவுக்கு அப்பா இல்லை. அம்மா அத்தாயிதான் எல்லாம். அவருக்கு அடுத்த குரல், தாய்மாமன் காளியண்ணன். அத்தாயி பெரியம்மாவிடம் போனில் சொன்னது இதுதான்: “எங்களுக்கு மாடி ஊடு வேண்டாமுங்க. எம்புள்ள சாமை வெதைக்க ஒரு காடும், மழைக்கு ஒழுகாத ஒரு ஊடும் இருந்தாப் போதும். ஆனி கடைசிக்குள்ள ஊடு பார்க்க வாரோம்.”

வீடு ஒழுகாது. ஓட்டு வீடு, பெரியப்பா கட்டியது. காடு?

அண்ணன் கொடுவாளை எடுத்தார். ஆனி மாதம் பாதி நாட்கள் வெட்டினார். கையெல்லாம் முள் கிழித்த கோடு. ஒவ்வொரு புதரையும் தரையோடு தரையாக வெட்டிச் சாய்த்தார். கடைசி நாளில் பார்த்தால், காடு மொட்டையடித்து சந்தனம் பூசிய தலை மாதிரி பளபளத்தது. வெட்டிய கிளைகளை எரிக்கச் சொன்னார் பெரியம்மா.

“எதுக்கும்மா வீணாக்கணும்? சுத்தியும் போட்டா வேலியாச்சு. பன்னி வராது” என்று அத்தனையையும் காட்டைச் சுற்றி அடுக்கிவிட்டார்.

எங்களுக்கே பெருமையாக இருந்தது. அந்த வாரம் பார்த்து காளியண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் எழுந்து உட்கார்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு பேசமாட்டார்கள், வீடு பார்க்கவும் வரமாட்டார்கள். “ஆவணி பொறக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்கள்.

கல்யாணப் பேச்சு நடக்காத ஆடியில் உண்ணிச்செடிக்கு எல்லா நல்ல காரியமும் நடந்தது. நல்ல மழை. வெட்டிய அடிக்கட்டை ஒவ்வொன்றும், ஒரு தண்டு போனால் என்ன என்று ஒரு கை நிறையத் துளிர் விட்டது. வேலியாகப் போட்ட கிளைகள் மண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வேர் பிடித்தன. முன்பு காட்டு ஓரத்தில் சில இடம் செடி இல்லாமல் இருந்தது. இப்போது அங்கேயும் வரிசையாக நின்றது. அண்ணன் காட்டை வெட்டவில்லை, நாற்று விட்டிருக்கிறார் என்று என் அப்பா சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை.

அவர் அத்தாயிக்குப் போன் போட்டு, ஐப்பசியில் வந்தால் குளிர்ச்சியாக இருக்குமே என்று இழுத்துப் பார்த்தார்.

“தம்பி, ஆவணி ரெண்டாவது வெள்ளிக்கெழமை வாரோம். ஒருக்கா தள்ளிப்போச்சு. இன்னொருக்கா தள்ளுச்சுன்னா ஆண்டவனே வேண்டாங்கறான்னு நான் எடுத்துக்குவேன். அருணாவுக்கு வேற எடமும் கேட்டுட்டுத்தான் இருக்கறாங்க” என்றார் அத்தாயி.

மறுபடியும் வெட்டினால், வெட்டிய இடத்தில் இன்னும் பத்துத் தண்டு வரும். அண்ணன் ராத்திரி பகலாகப் போனில் தேடினார். எந்த நாட்டிலோ ஆட்டு மந்தை ஒன்று புதர்க்காட்டை மொட்டையாக்குகிற வீடியோ கிடைத்தது. அது என்ன புதர் என்று வீடியோவில் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

முள்ளுக்குறிச்சியில் அவருக்கு சாமியப்பன் என்றொரு நண்பர். திருப்பூரில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்தவர்கள். சாமியப்பனும் ஊர் திரும்பி, சொந்தக் காட்டில் பரண் கட்டி ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். தலைச்சேரி ஆடுகள், வெள்ளை வெளேரென்று. பரணுக்குக் கீழே இறங்காத ஆடுகள். வேளைக்கு வேளை தீவனப்புல்லை நறுக்கித் தொட்டியில் போடுவார், அவை நின்ற இடத்தில் தின்னும். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.

ஆவணி பிறந்த கையோடு ஏழு ஆடுகளோடு ஒரு குட்டியானை வண்டி எங்கள் ஊருக்கு வந்து நின்றது. ஆடுகள் தெம்பாக இருந்தன. சாமியப்பன் தாடியைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

“ஆடெல்லாம் ராசா மாதிரி நின்னுட்டு வந்துச்சு மாப்ள. நாந்தான் ஒவ்வொரு வளைவுலயும் வாந்தி.”

பெரியம்மா ஆடுகளையும் காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “நம்ம மலை மாடே மோந்து பார்த்துட்டுப் போவுது. இதுங்க திங்குமாடா?”

“சுவத்துல ஒட்டுன போஸ்டரையே திங்குது, இதைத் திங்காதாம்மா?”

ஆனால் ஆடுகள் காட்டில் இறங்கி மேயவில்லை. பிறந்ததிலிருந்து மண்ணை மிதித்ததில்லை போலிருக்கிறது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, யாராவது நறுக்கிப் போடுவார்களா என்று சாமியப்பன் முகத்தையே பார்த்தன. அண்ணன் விடுவாரா? துளிர்த் தழையாக அறுத்துக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டார். எங்கள் ஊர் ஆடு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவை முதலாளி கொடுத்ததைச் சந்தேகப்படாமல் வளர்ந்தவை. தின்றன. மறுநாள் இன்னும் ஆசையாகத் தின்றன. அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்கடுத்த நாள் ஆடுகள் தழையைத் தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. வெயில் வந்தால் ஒன்றன் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையைச் செருகிக்கொண்டது. காதும் மூக்கும் வீங்கிச் சிவந்தன. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. ராசாத்தி என்ற ஆடு எழுந்திருக்கவே இல்லை. சாமியப்பன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட தாய் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

செம்மேட்டிலிருந்து மாட்டு டாக்டர் வண்டியில் வந்தார். ஆட்டின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன போட்டீங்க?”

“தழைங்க” என்றார் அண்ணன்.

“என்ன தழை?”

அண்ணன் கையை நீட்டினார். கை எந்தப் பக்கம் நீண்டாலும் அதுதான் இருந்தது. டாக்டர் பையைத் திறந்துகொண்டே சொன்னார்.

“ஊருல எல்லாரும் ஆடு இதைத் தின்னுடக் கூடாதுன்னு காவல் காக்கறாங்க. நீங்க கட்டி வெச்சு ஊட்டியிருக்கீங்க.”

ஊசி போட்டார். கரித்தூளைத் தண்ணீரில் கலக்கிப் புகட்டச் சொன்னார். “ஈரல் கெட்டிருக்குது. இனி வெயில் பட்டா தோல் வெந்து உரியும், அதுலயே செத்துப்போகும். ரெண்டு வாரத்துக்கு வெயிலே படாம இருட்டுல வைக்கணும், வண்டியில ஏத்தி அலைக்கவும் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெண்டு வாரம். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

எங்கள் வீடு தகரக் கூரை, இடுக்கெல்லாம் வெளிச்சம் வரும். ஊரில் இருட்டு பண்ணக்கூடிய இடம் அண்ணனுடைய ஓட்டு வீடு ஒன்றுதான். பெண் வீட்டார் வருகிறார்கள் என்று முந்தின வாரந்தான் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஏழு ஆடுகளும் அதற்குள் போயின. சன்னலைச் சாக்கால் அடைத்தார்கள். வாசலில் கெட்டிக் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். சாமியப்பன் உள்ளேயே பாய் போட்டுவிட்டார். பெரியம்மா சட்டி பானையோடு எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தார்.

“செவுத்துக்கு நான் புதுசா வெள்ளையடிச்சது ஆடு பார்க்கறதுக்கா?” என்று அவர் என் அம்மாவிடம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டார். “கண்ணு, நான் சொல்றதக் கேளு. அவங்க வர்ற ஒரு மணி நேரம் ஆட்டைப் பலா மரத்தடியில கட்டிப்போடு. மேல ஒரு தார்ப்பாய் போட்டுக்கலாம். ஊட்டைக் கூட்டி வழிச்சுடறேன்.”

“ராசாத்தி எந்திரிக்கவே மாட்டேங்குதும்மா. தூக்கிட்டு வந்து வெயில்ல போடறதா?”

“நெழல்லடா.”

“நெழலு நகரும்மா.”

“பொண்ணும் நகந்து போயிரும்டா!”

“அது பாட்டுக்குப் பரண்ல நின்னுட்டு இருந்துச்சு. நாந்தான் கூட்டியாந்து வெசத்தை ஊட்டினேன். நானே வெளியவும் தள்ள மாட்டேன்” என்றார் அண்ணன்.

“அப்ப போன் போட்டு உள்ளதைச் சொல்லீரு.”

“என்னன்னும்மா சொல்றது? எங்காட்டுல வெளையறது உண்ணி, அதை ஊட்டி ஆட்டைக் கொல்லப் பார்த்தேன், பொண்ணு குடுங்கன்னா?”



வெள்ளிக்கிழமை விடிந்தது. ஒரு மாதமாக மூடிக் கிடந்த மலையில் அன்றைக்குப் பார்த்து மேகமே இல்லை. பத்து மணி பஸ்ஸில் அத்தாயியும் காளியண்ணனும் இறங்கினார்கள். பின்னாலேயே அருணா. வீடு பார்க்க வரும்போது பெண்ணைக் கூட்டி வருகிற வழக்கம் இல்லை. “நாந்தானே இருக்கப்போறேன்னுட்டு வண்டியேறிட்டா. இந்தக் காலத்துல யாரு பேச்சக் கேக்கறாங்க?” என்று காளியண்ணன் வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

வளைவில் திரும்பிய இடத்திலேயே மூவரும் நின்றுவிட்டார்கள். காடு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கிடந்தது. மேலே பட்டாம்பூச்சிகள்.

“காடு எங்கீங்க?” என்றார் காளியண்ணன்.

“இதுதானுங்க” என்றார் அண்ணன்.

“நல்லாப் பூத்திருக்குதுங்க” என்றார் அருணா. முகத்தில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பலா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். டீ கொடுத்தோம். டீ குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் சோற்றில் கை நனைப்பது என்பது வேறு. மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால், எவ்வளவு பசித்தாலும் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் வீட்டு அடுப்பில் சோறும் மொச்சைக் குழம்பும் பலாக்கொட்டைப் பொரியலும் மணந்துகொண்டிருந்தன. பெரியம்மாவின் உயிர் அந்தச் சட்டிகளில் இருந்தது.

“சரிங்க, ஊட்டைப் பார்க்கலாமுங்களா?” என்றார் காளியண்ணன்.

“இன்னொரு டம்ளர் டீ சாப்புடுங்க” என்றார் பெரியம்மா.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு ‘மே’ கேட்டது.

“உள்ள ஆடு கத்துதுங்களா?” என்றார் அத்தாயி.

“டிவிங்க” என்றார் பெரியம்மா.

“கரண்டு இல்லீங்களே. வரும்போது லைன்மேன் கம்பத்து மேல இருந்தாரு.”

பெரியம்மா என் அம்மாவைப் பார்த்தார். என் அம்மா பலா மரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஒரு ஆணின் குரல் தெளிவாக வந்தது.

“எந்திரிடா ராசாத்தி. ஒரே ஒரு வாய் குடிச்சுக்கோ தங்கம். நானிருக்கறேன்ல? உன்னய விட்டுட்டு எங்கியும் போகமாட்டேன்.”

அத்தாயி டம்ளரைக் கீழே வைத்தார். “உள்ள யாருங்க தம்பி?”

“சாமியப்பனுங்க. ஃபிரண்டு” என்றார் அண்ணன்.

“ராசாத்தி யாரு?”

“அது அவங்கூட வந்ததுங்க.”

காளியண்ணன் எழுந்துவிட்டார். “எவளோ ஒருத்தியக் கூட்டியாந்து, பொண்ணு கட்டிக் குடுக்கற ஊட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சு, சன்னலைச் சாக்குப் போட்டு அடைச்சு, எங்களுக்கு டீ குடுக்கறீங்களா?”

“பொம்பளை இல்லீங்க! ஆடுங்க!”

“ஆட்டை எவனாச்சும் இப்பிடிக் கொஞ்சுவானா? என்னைய என்ன கேனப்பயன்னு நெனச்சீங்களா?”

அவர் விறுவிறுவென்று போய்க் கம்பளியைப் பிடித்தார். அண்ணன் ஓடிப்போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கிழக்குப் பார்த்த வாசல். வெயில் அவர் முகத்தில் அறைந்தது.

“வெலக்கக் கூடாதுங்க! வெயில் நேரா உள்ள அடிக்கும்!” என்று தொடங்கி, வெட்டியது, துளிர்த்தது, வீடியோ பார்த்தது, ஊட்டியது, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “பொண்ணு இல்லேன்னு சொல்லிட்டுப் போனாலும் சரிங்க. வெயில் அந்தப் பக்கம் சாயற வரைக்கும் இது தொறக்காதுங்க.”

பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தாயி நிதானமாக எழுந்து வந்தார். “ஊடு பார்க்கோணும்னு வந்தேன். பார்க்காமப் போனா ஊருல என்ன சொல்றது? தொறக்காம எப்பிடித் தம்பி பார்க்கறது?”

“கம்பளிக்கு அடியில பூந்து போலாமுங்க. நான் ஓரத்தப் புடிச்சுக்கறேன். ஒவ்வொருத்தராப் போகோணும்.”

“இந்தாக்கா, டார்ச்சு” என்று காளியண்ணன் போனை நீட்டினார்.

“டார்ச்சும் வேண்டாமுங்க” என்றார் அண்ணன். டாக்டர் வெயிலைத்தான் ஆகாது என்றார். அண்ணன் எல்லா வெளிச்சத்தையும் அதில் சேர்த்துவிட்டார்.

அத்தாயி குனிந்து கம்பளிக்குள் போனார். பின்னாலேயே அண்ணனும் போனார். நாங்கள் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

“இது என்னங்க தம்பி?”

“செவுருங்க. புதுசா வெள்ளையடிச்சது.”

“ஆமா, கையில ஒட்டுது. இது?”

“சாமை கொட்டி வெக்கற குதிருங்க.”

“காலியா இருக்குது.”

“ஆமாங்க.”

“இது என்ன, ஈரமா?”

“ஆட்டு மூக்குங்க.”

“அட பாவமே, சுடுது. இது கெடா போலிருக்குது. நல்லாத்தான் வளத்திருக்கறீங்க, தாடியெல்லாம் எம்மாம் பெருசு.”

“அது நானுங்க” என்றது சாமியப்பனின் குரல்.

அருணா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு பலா மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

அத்தாயி வெளியே வந்தார். தலைமுடியிலும் புடவையிலும் சுண்ணாம்பு, கையில் கரி. வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னக்கா பார்த்தே?” என்றார் காளியண்ணன்.

“ஒண்ணும் தெரியல. செவுரு இருக்குது. ஆடு இருக்குது. ஆளு ஒருத்தன் அழுதுட்டு இருக்கறான்.”

“அப்பப் போலாமா? காடு பூரா உண்ணி, ஊடு பூரா ஆடு. எதைப் பார்த்துக் கை நனைக்கறது?”

 அருணா முகத்தைத் துடைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். நேராக அண்ணன் முன்னால் நின்றார்.

“இப்பிடின்னு எங்கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? அம்மாகிட்ட நான் பேசியிருப்பேனே.”

“வெக்கமா இருந்துச்சுங்க.”

“ஒரே அட்டைய மாசக்கணக்கா ஜெராக்ஸ் எடுத்தீங்க. அப்ப இல்லாத வெக்கமா?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அருணா காட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்க காட்டுலயும் இது இருந்துச்சு. நானும் அம்மாவும் ஒரு மழைக்காலம் பூரா கடப்பாரை போட்டோம். மேல வெட்டி ஒரு பிரயோசனமும் இல்லீங்க. மண்ணுக்குக் கீழ வேர்க்கட்டையோட நெம்பி எடுத்து, மரத்து மேல தலைகீழா மாட்டோணும். மண்ணுல பட்டா மறுபடியும் புடிச்சுக்கும். நீங்க கொடுவாளைத் தொடாதீங்க. நீங்க வெட்ட வெட்டத்தான் அது வளருது. நான் வந்தப்பறம் சேர்ந்து நெம்பிக்கலாம்.”

‘நான் வந்தப்பறம்’ என்று அவர் சொன்னதை எல்லாரும் கேட்டோம். அண்ணன் மட்டும் கடப்பாரையைப் பற்றி யோசித்துக்கொண்டு “சரிங்க” என்றார்.

“அம்மா இன்னும் ஒண்ணும் சொல்லல கண்ணு” என்று காளியண்ணன் குரலை உயர்த்தினார். “நீயா முடிவு பண்ணிக்காதே.”

எல்லாரும் அத்தாயியைப் பார்த்தோம். அவர் கையிலிருந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காளியண்ணா, இதுக்கு முன்ன மூணு எடம் பார்த்தோம். மூணு ஊட்டுலயும் நாம வாரோம்னு எதையோ ஒளிச்சு வெச்சிருந்தாங்க. ஒருத்தன் குடியை ஒளிச்சான். இன்னொருத்தன் மொதப் பொண்டாட்டியையே ஒளிச்சான். நமக்கு எப்பத் தெரிஞ்சுது? ஊரைச் சுத்தி விசாரிச்சாத்தான் தெரிஞ்சுது.”

“இவனும் ஒளிச்சுத்தானே வெச்சிருக்கறான்?”

“ஒளிச்சான். ஆனா கத்தற சாமானை ஒளிச்சு வெச்சிருக்கறான் பாரு. நாம உக்காந்து ஒரு டீ குடிக்கறதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. இவனால காலத்துக்கும் நம்ம புள்ளைய ஏமாத்த முடியாது.”

  காளியண்ணன் மூக்கை உறிஞ்சி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

“மொச்சைக் குழம்பு மாதிரி வாசம் வருதுங்களே” என்றார்.

“என்ன சமைச்சிருக்கறீங்க அண்ணி?” என்று அத்தாயி பெரியம்மாவைக் கேட்டார்.

அதுவரை ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டவர் ‘அண்ணி’ என்றார். பெரியம்மா கரண்டியை எடுக்க அடுப்படிக்குத் திரும்பினார். என் அம்மா ஓடிப்போய் இலை அறுத்து வந்தார். எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அத்தாயி முதல் கவளத்தை எடுத்து வாயில் வைக்கும்வரை பெரியம்மா கரண்டியோடு அசையாமல் நின்றார். பிறகு காளியண்ணன் இலையில் மட்டும் மூன்று கரண்டிக் குழம்பை ஒரேயடியாக ஊற்றிவிட்டார்.

“மாப்பிள்ளைய எங்கீங்க? ஒண்ணா உக்காரட்டும்” என்றார் காளியண்ணன், இரண்டாம் சோற்றுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டே.

அண்ணன் அங்கே இல்லை. எட்டிப் பார்த்தால், முற்றத்தைத் தாண்டி வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். குனிந்து கம்பளிக்குள் நுழைந்தார்.

“மாப்ள! பொண்ணு குடுத்துட்டாங்கடா!”

“மெதுவாப் பேசுடா” என்றது இருட்டிலிருந்து சாமியப்பனின் குரல். “ராசாத்தி இப்பத்தான் ரெண்டு வாய் குடிச்சுட்டுக் கண்ணசந்திருக்குது.”